கல்லே இல்லாத ஊரிலிருந்து ட்ராட் ஏறப் பழகியது

போன தை மாதம் கர்நாடகாவில் ராமநகரா பக்கம் ஒரு பாறை வெடிப்பில் முதல் தடவையாக ட்ராட் லீட் ஏறினேன், அதாவது பிடிமானங்களை நானே செருகிக்கொண்டு முன்னால் ஏறினேன். இருபத்தைந்து மீட்டர் உயரம் இருக்கும். பழகியவர்கள் பேசிக்கொண்டே ஏறிவிடுவார்கள், அப்படி ஒன்றும் கடினமான வழி இல்லை. ஆனால் அங்கே போய் நிற்க எனக்கு இரண்டு வருடம் ஆனது, அந்த இரண்டு வருடத்தைப் பற்றித்தான் எழுத வேண்டும் என்று தோன்றுகிறது. நான் கற்றுக்கொண்டதில் முக்கால்வாசி முன்னால் ஏறிக் கற்றதில்லை, இன்னொருவர் போட்டதைக் கழற்றிக்கொண்டே பின்னால் ஏறிக் கற்றது.

எங்கள் ஊர் திருவையாற்றுக்குக் கிழக்கே, காவிரிக்கும் குடமுருட்டிக்கும் நடுவில் இருக்கிறது. மண்வெட்டியை எங்கே போட்டாலும் களிமண், அதற்குக் கீழே மணல், அதற்கும் கீழே தண்ணீர். கல் வேண்டுமென்றால் லாரியில்தான் வரவேண்டும். பெரிய கோயிலை ராஜராஜன் 1010இல் முடித்தபோதும் இதே கதைதான், அவ்வளவு கருங்கல்லும் வெளியிலிருந்து வந்து இறங்கியது. தஞ்சாவூரைத் தாண்டி வல்லம் பக்கம் போனால் செம்பூராங்கல் தட்டுப்படும், ஆனால் அது பொரிப்பொரியாக இருக்கும், ஆள் எடையை நம்பி எதையும் செருக முடியாது. புதுக்கோட்டை எல்லைக்குள் நுழைந்த பிறகுதான் நிஜமான கருங்கல் தலைகாட்டும். எங்கள் ஊரிலிருந்து ஒன்றரை மணி நேரம், நடுவில் ஒரு டீக்கு நின்றால் இரண்டு.

நாங்கள் மொத்தம் ஏழு பேர். தஞ்சாவூரில் செவிலியாக இருக்கும் ஒரு அக்கா, ஒரத்தநாட்டிலிருந்து வரும் கல்லூரித் தம்பிகள் இருவர், மன்னார்குடியில் பம்புசெட் மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவர் ஒருவர், கும்பகோணத்து வாத்தியார், ரைஸ் மில்லில் கணக்கு எழுதும் நான், அப்புறம் நாங்கள் எல்லோரும் அண்ணன் என்று கூப்பிடுகிறவர். அண்ணன் பெங்களூரில் இருபது வருடம் வேலை பார்த்தவர். அங்கே ஞாயிற்றுக்கிழமைகளில் பாறை ஏறுகிற கூட்டத்தோடு சேர்ந்து பழகி, அவருடைய அப்பா தவறியதும் அரை வேலி நிலத்தைப் பார்க்க ஊருக்குத் திரும்பி வந்தார். வரும்போது ஒரு சாக்குப் பை நிறைய சாமான் கொண்டுவந்தார். எங்கள் ஏழு பேருக்கும் அந்தப் பைதான் ஆரம்பம்.

ட்ராட் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்கு. டாப் ரோப் என்பதில் கயிறு முதலிலேயே மேலே கட்டியிருக்கும், கை விட்டால் அங்கேயே தொங்குவீர்கள். ஸ்போர்ட் என்பதில் பாறையில் துளை போட்டு போல்ட் அடித்து வைத்திருப்பார்கள், நீங்கள் ஏறிப்போய் அதில் கயிற்றை மாட்டவேண்டும். ட்ராட்டில் பாறையில் எதுவுமே இருக்காது. முன்னால் ஏறுகிறவர், அதாவது லீடர், இடுப்பில் சாமான்களைத் தொங்கவிட்டுக்கொண்டு போய், வெடிப்பு கிடைக்கிற இடத்தில் ஒன்றைச் செருகி, கயிற்றை அதில் மாட்டி, மேலே நகரவேண்டும். கீழே ஒருவர் பிலே போட்டுக் கயிற்றைப் பிடித்திருப்பார். கடைசியாகச் செருகியது இடுப்பில் கயிறு கட்டிய இடத்துக்கு இரண்டு மீட்டர் கீழே இருந்தால் விழுவது நாலு மீட்டர், அதோடு கயிறு இழுபடுகிற நீளமும் சேரும். தரைக்குப் பக்கத்தில் கணக்கு இன்னும் கொடுமை. மூன்று மீட்டரில் ஒன்று செருகிவிட்டு அடுத்தது செருகாமல் ஆறு மீட்டரில் கை வழுக்கினால், செருகியது அப்படியே இருக்கும், நீங்கள் தரையில் இருப்பீர்கள். லீடர் மேலே போய் ஆங்கர், அதாவது தன்னைக் கட்டிக்கொள்ளும் உறுதியான பிடிமானம், கட்டியதும் இரண்டாவதாக ஏறுகிறவர், அதாவது செகண்ட், ஏறிவருவார், வரும்போது ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டு வருவார். இருவரும் போனபிறகு பாறை எப்படி இருந்ததோ அப்படியே இருக்கும். இது எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம்.

செருகும் சாமான்களில் முதலாவது நட். போல்ட்டு நட்டு என்கிறோமே, அதே நட்டுதான். 1950களில் வேல்ஸ் மலைகளில் ஏறப் போனவர்கள் ரயில்பாதை ஓரம் கிடந்த இரும்பு நட்டுகளைப் பொறுக்கி, மரையைத் தேய்த்து எடுத்துவிட்டு, ஓட்டையில் கயிறு கோத்து, பாறை இடுக்கில் மாட்டி ஏறினார்கள். அதற்கு முன்னால் கூழாங்கல்லை இடுக்கில் போட்டு அதைச் சுற்றிக் கயிறு கட்டினார்கள். ஏறுவதற்கென்றே செய்த நட் 1961இல்தான் வந்தது. இப்போது அது ஆப்பு மாதிரி ஒரு அலுமினியத் துண்டு, அதில் ஒரு கம்பி. மேலே அகலமாகவும் கீழே குறுகலாகவும் இருக்கும் வெடிப்பில் வைத்துக் கீழே இழுத்தால் உட்கார்ந்துகொள்ளும். மேலும் கீழும் ஒரே அகலமாக இருக்கும் வெடிப்பில் ஆப்பு நிற்காது, அதற்குத்தான் கேம். அமெரிக்காவின் ரே ஜார்டின் உருவாக்கி 1978இல் விற்பனைக்கு வந்தது. ஸ்பிரிங் வைத்த நாலு இதழ், விசையை இழுத்தால் சுருங்கும், விட்டால் விரிந்து இரண்டு பக்கச் சுவரையும் பிடிக்கும். ஆள் விழுந்து இழுக்க இழுக்க இன்னும் பலமாகப் பிடிக்கும். இதழ்களின் வளைவை ஒரு சுருள்கோட்டுக் கணக்கில் வெட்டியிருப்பதால், சுருங்கியிருந்தாலும் விரிந்திருந்தாலும் சுவரைத் தொடும் கோணம் மாறாது. எங்களில் இதை முதலில் புரிந்துகொண்டவர் மன்னார்குடிக்காரர். வாங்கிப் பார்த்து இரண்டு தடவை இழுத்து விட்டார், அப்புறம் வாத்தியாருக்கே விளக்கினார்.

வாரநாட்களில் பாறைக்கு எங்கே போவது? அதனால் பாதிப் பாடம் எங்கள் வீட்டுக் கொல்லையில்தான் நடந்தது. மாட்டுக்கொட்டகை ஓரம் கருங்கல் தூண் இரண்டு கிடந்தன, தாத்தா காலத்தவை. அவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் படுக்கவைத்து, ஒரு முனையில் நாலு விரல் இடைவெளி, மறுமுனையில் ஒரு விரல் என்று ஆப்பு வடிவத்தில் அடைத்தோம். சாயங்காலம் மில்லிலிருந்து வந்ததும் அந்த இடைவெளியில் நட் செருகுவேன், கம்பியில் ஸ்லிங்கை, அதாவது நாடா வளையத்தை, மாட்டி ஒரு காலை வைத்து மிதிப்பேன். அளவு பார்த்து ஒரே தடவையில் சரியான நட்டை எடுக்கக் கண்ணும் கையும் பழகவேண்டும், அது புத்தகத்தில் வராது. பாறையில் ஒரு கையால் தொங்கிக்கொண்டு மூன்று நட்டை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தால் முன்கை இரும்பாகிவிடும், அதற்குமேல் விரல் மூடாது.

ஒரு நாள் கிளவ் ஹிட்ச் முடிச்சைப் போட்டு அவிழ்த்துக்கொண்டிருந்தேன். ஆங்கரில் நம்மைக் கட்டிக்கொள்ள இதுதான் முடிச்சு, திறந்து மூடும் கொக்கி வளையமான காரபினரில் ஒரே கையால் போடத் தெரியவேண்டும். அப்பா பார்த்துக்கொண்டே இருந்தவர், மாட்டுக் கயிற்றை எடுத்து முளைக்குச்சியில் இடது கையால் இரண்டு சுற்று, ஒரு இழுப்பு. அதே முடிச்சு. நாற்பது வருடமாகப் போடுகிறாராம், பெயர் எதுவும் இல்லை, ‘மாட்டுக்கட்டு’ என்றார். மாடு இழுத்தால் இறுகும், நாம் தள்ளினால் நெகிழும், நீளத்தைக் கூட்டிக் குறைக்கலாம். அன்றைக்கு நான் அப்பாவிடம்தான் கற்றுக்கொண்டேன், அண்ணனிடமும் அப்படியே சொன்னேன்.

ஆங்கர் பாடம் இன்னொரு விதம். மேலே போய் இரண்டு மூன்று செருகல்களை ஒன்றாக இணைத்து அதில் ஆளைக் கட்டும்போது, ஸ்லிங்குகள் விரியும் கோணம் அதிகமானால் ஒவ்வொரு செருகலிலும் ஏறும் பாரம் அதிகமாகும். அண்ணன் சொன்னபோது எல்லோரும் தலையாட்டினோம், ஆனால் யாருக்கும் உள்ளே இறங்கவில்லை. சரி என்று மில்லில் கேட்டு, மூட்டை நிறுக்கும் கொக்கித் தராசு இரண்டை ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு வாங்கிவந்தேன். கொல்லையில் நெருக்கமாக நிற்கும் இரண்டு தென்னைகளில் ஆளுக்கொரு தராசு, நடுவில் அறுபது கிலோ நெல்மூட்டை. கோணத்தை வாத்தியார் அட்டையில் வரைந்து அளந்தார். ஸ்லிங் நீளமாக, கோணம் சிறிதாக இருந்தபோது இரண்டு தராசிலும் முப்பதுக்குச் சற்று மேல். 60 டிகிரியில் 35 கிட்ட வந்தது. 120 டிகிரியில் ஒவ்வொரு தராசிலும் 60, அதாவது ஒரே மூட்டை, இரண்டு தென்னைக்கும் முழு மூட்டைப் பாரம். இன்னும் இழுத்துக் கட்டி 150 டிகிரி ஆக்கினோம். 116. தம்பி ஒருவன் ‘தராசு கெட்டுப்போச்சுண்ணே’ என்றான். கெடவில்லை. அன்றிலிருந்து எங்களில் யார் ஆங்கர் கட்டினாலும் ஸ்லிங்கை நீளமாக விட்டுத்தான் கட்டுவோம், அகலக் கட்டினால் ‘தென்னை’ என்று ஒருவர் சொன்னால் போதும்.

புதுக்கோட்டைப் பக்கம் மலை என்றால் சித்தன்னவாசல், நார்த்தாமலை, குடுமியான்மலை என்றுதான் எல்லோருக்கும் ஞாபகம் வரும். அங்கெல்லாம் நாங்கள் ஏறுவதில்லை. சமணர் படுக்கையும் தமிழி எழுத்தும் இருக்கிற பாறையில் வியர்வைக்காக மக்னீசியம் கார்பனேட் பொடி பூசின கையை வைக்க எந்தக் காரணமும் போதாது. திருச்சி மலைக்கோட்டையில் ஏறலாமே என்று கேட்கிறவர்களுக்கும் இதே பதில். நாங்கள் போவது ஒருவருடைய பட்டா நிலத்தில் இருக்கும் ஒரு கரடு, பன்னிரண்டு மீட்டருக்கு மேல் இல்லை, நிலத்துக்காரரிடம் கேட்டுவிட்டுத்தான் போவோம், ஆடு மேய்க்கிற அம்மாவிடமும் ஒரு வார்த்தை சொல்லுவோம், ஏனென்றால் மலைத்தேனீ எந்தப் பக்கம் கூடு வைத்திருக்கிறது என்பது அவருக்குத்தான் தெரியும். தேன் கூடு தெரிந்தால் அந்தப் பக்கமே அந்த வருடம் கிடையாது. அக்காவும் நானும் அன்றைக்குப் பூ வைத்துக்கொள்வதில்லை. இடத்தின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை, மன்னித்துக்கொள்ளுங்கள்.

அங்கே அண்ணன் முன்னால் ஏறுவார், நாங்கள் முறைவைத்துச் செகண்ட் ஏறுவோம். அவர் வைத்த சட்டம் ஒன்றுதான்: எந்தச் செருகலையும் பார்க்காமல் கழற்றக்கூடாது. நின்று, முகத்தைப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்து, மூன்று சொல்லில் ஒன்றை உரக்கச் சொல்லவேண்டும். ‘நிக்கும்’, ‘நிக்கலாம்’, ‘சும்மா’. சொன்ன பிறகு ஏன் என்றும் சொல்லவேண்டும். நட்டின் இரண்டு கன்னமும் பாறையில் முழுதாக ஒட்டியிருக்கிறதா, அல்லது ஒரு ஓரம் மட்டும் ஒரு பரலில் தொத்திக்கொண்டிருக்கிறதா? கேமின் இதழ்கள் பாதிக்கு மேல் சுருங்கியிருக்கின்றனவா? முழுக்க விரிந்திருந்தால் பிடிக்காது, முழுக்கச் சுருக்கித் திணித்திருந்தால் பிடிக்கும், ஆனால் திரும்ப வராது. பக்கத்துக் கல் தட்டினால் கணீர் என்கிறதா, ஓட்டை விழுந்த மண்பானை மாதிரி பொத்தென்கிறதா? விழுந்தால் கயிறு எந்தப் பக்கம் இழுக்கும், இது அந்தப் பக்கம் பார்த்திருக்கிறதா?

அண்ணன் வேண்டுமென்றே நடுநடுவே ஒரு ‘சும்மா’வை வைத்துவிட்டுப் போவார். முதல் மாதம் நான் அதற்கெல்லாம் ‘நிக்கும்’ சொன்னேன். மேலே போனதும் திட்டமாட்டார், ‘அந்த நாலாவதை என்னம்மா சொன்ன?’ என்று மட்டும் கேட்பார், எனக்கு அன்று இரவு தூக்கம் வராது. ஏறக்குறைய ஒரு வருடம் கழித்து ஒரு நாள் ஏழு செருகலில் ஏழையும் சரியாகச் சொன்னேன், அவர் வைத்ததில் அவருக்கே தெரியாமல் சரிந்திருந்த ஒன்றையும் சேர்த்து. வெடிப்பில் கன்னத்தை வைத்து, நட்டின் கம்பியை ஒரு விரலால் அசைத்தபோது உள்ளே மணல் பொடி ஒன்று உதிர்ந்து மணிக்கட்டில் விழுந்தது, அந்தப் பொடியைப் பார்த்துத்தான் சொன்னேன். எத்தனையோ பேர் ஆறே மாதத்தில் லீட் ஏறிவிடுகிறார்கள், அது தவறென்று சொல்லமாட்டேன், ஆனால் எனக்கு இந்த வழி ஒன்றுதான் சரியென்று படுகிறது. செகண்ட் ஏறுகிறவர்தான் லீடர் உயிர் எதில் தொங்கியது என்பதைக் கண்ணால் பார்க்கிறவர்.

பேச்சிலும் ஒரு கட்டுப்பாடு உண்டு. ‘விடு’ என்ற சொல்லை நாங்கள் பாறையில் சொல்வதே இல்லை. கயிற்றைக் கொஞ்சம் தளர்த்து என்பதற்கும் ‘விடு’, என்னைக் கீழே இறக்கு என்பதற்கும் ‘விடு’, இனி பிலே வேண்டாம் என்பதற்கும் ‘விட்டுடு’. காற்றில் பாதிச் சொல் பறந்துவிட்டால் கீழே இருப்பவர் எதை எடுத்துக்கொள்வார்? அதனால் ‘லூஸ்’, ‘டைட்’, மேலே போனதும் ‘கட்டிக்கிட்டேன்’. எல்லாவற்றுக்கும் முன்னால் அழைக்கும் முறை கட்டாயம், ‘அக்கா, லூஸ்’, ‘தம்பி, டைட்’. பக்கத்தில் வேறு யாராவது ஏறினாலும் குழப்பம் வராது.

கயிறு விஷயத்தில் என் தவறு ஒன்றைச் சொல்லியே ஆகவேண்டும். அறுபது மீட்டர் கயிறு, வாங்கி எட்டு மாதம்கூட ஆகவில்லை. மழைக்குப் பயந்து அதைக் கொண்டுபோய் டிராக்டர் கொட்டகையில் பழைய பேட்டரி பக்கத்தில் வைத்தேன். நைலானுக்கு பேட்டரி அமிலம் விஷம், ஆவி பட்டாலே போதும், வெளியே ஒரு மாற்றமும் தெரியாமல் உள்ளே நைந்துவிடும். இந்தக் கயிற்றுக்கு என்னென்ன சோதனை வைக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும், 80 கிலோ எடையைக் கட்டி விழவைத்து ஐந்து விழுகையாவது தாங்கினால்தான் தேறும். அப்படிப்பட்ட கயிறு. அமிலம் பட்டதா என்று உறுதியாகத் தெரியாது, ஆனால் படவில்லை என்றும் சொல்ல முடியாது. அண்ணனிடம் போய்ச் சொன்னேன். எதுவும் பேசாமல் அரிவாளை எடுத்து ஆறு துண்டாக வெட்டினார், இன்றைக்கு எங்கள் ஏழு வீட்டில் ஆறில் அதுதான் துணி காயப்போடும் கொடி. புதுக் கயிறு வாங்க நாலு மாதம் எல்லோரும் காசு சேர்த்தோம். இப்போது கயிறு எங்கள் வீட்டு நெல் குதிர் அறையில் இருக்கிறது, பாறைக்குப் போனால் தார்ப்பாய் விரித்துத்தான் கீழே வைப்போம்.

எங்கள் பருவமும் வயலோடு சேர்ந்ததுதான். ஐப்பசி, கார்த்திகையில் மழை, பாறை வழுக்கும். சித்திரையில் கல்லில் கை வைக்க முடியாது. ஏற நல்ல நாள் என்றால் மார்கழி, தை, மாசி, அப்போதுதான் சம்பா அறுப்பு. இந்த வருடம் அண்ணன் வயலுக்கு அறுவடை மெஷின் வந்து, நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் போட்டு முடித்த மறுநாள்தான் மைசூர் எக்ஸ்பிரஸில் ஏறினோம், அவர் சட்டையில் இன்னும் சுணை இருந்தது.

ராமநகராவின் கல் ஏறக்குறைய 250 கோடி வருடத்துப் பழசு. பக்கத்திலேயே ஒரு மலை பிணந்தின்னிக் கழுகுகளுக்கான சரணாலயம், அந்தப் பக்கம் போகவில்லை. நாங்கள் போன பாறையில் காலை எட்டு மணிக்கு நிழல் இருந்தது. நான் ரேக்கை, அதாவது செருகும் சாமான் மொத்தத்தையும், இடுப்பில் மாட்டினேன், நட் இடது பக்கம், கேம் வலது பக்கம், ஸ்லிங் தோளில். அக்கா பிலே. அவர் பாறையை ஒட்டி நின்றார், தள்ளி நின்றால் கயிறு முதல் செருகலை வெளிப்பக்கமாக இழுத்துப் பிடுங்கிவிடும்.

முதல் நட் தலை உயரத்தில், நன்றாக உட்கார்ந்தது. இரண்டாவது ஒரு கேம். மூன்றாவது நட் வைக்கும்போது நல்ல கால் பிடி கிடைத்தது, அவசரமில்லை, கம்பியை இழுத்துப் பார்த்தேன், மனதுக்குள் ‘நிக்கும்’ என்று சொல்லிக்கொண்டு ஒரு குட்டை ஸ்லிங்கில் கயிற்றை மாட்டினேன். அதற்கு மேல் வெடிப்பு வலப்பக்கம் சாய்ந்து போகிறது. ஏறினேன். நடுவில் ஒரு இடத்தில் கால் ஆடியது, முட்டியைப் பாறையில் வைத்து நாலு மூச்சு விட்டேன், கொல்லைத் தூண் ஞாபகம் வந்தது, சரியான நட் முதல் தடவையிலேயே கைக்கு வந்தது. மொத்தம் எட்டுச் செருகல். மேலே போய் மூன்று புள்ளியில் ஆங்கர், நீளமாக. ‘அக்கா, கட்டிக்கிட்டேன்.’

செகண்ட் அண்ணன் வந்தார். அவர் சொல்வது மேலே எனக்குக் கேட்கவில்லை, காற்று. விளிம்புக்கு வந்து உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக என்னிடம் கொடுத்தார். அஞ்சு ‘நிக்கும்’. ரெண்டு ‘நிக்கலாம்’. கடைசியாக அந்த மூன்றாவது நட்டைத் தனியாக எடுத்து உள்ளங்கையில் வைத்தார்.

‘இது வெடிப்புல இல்லம்மா. கயித்தோட வழுக்கி ரெண்டாவது கேம்கிட்ட வந்து கிடந்துச்சு.’

குட்டை ஸ்லிங். வழி வலப்பக்கம் திரும்பியதும் கயிறு அதை மேல்நோக்கி இழுத்திருக்கிறது, கீழே இழுத்தால் இறுகும் ஆப்பு மேலே இழுத்தால் கழன்றுவிடும். நான் செருகியது தப்பில்லை, மாட்டியது தப்பு. கால் ஆடியபோது எனக்குக் கீழே நான் நினைத்த இடத்தில் எதுவும் இல்லை. எப்போது கழன்றது என்று எனக்குத் தெரியவே இல்லை.

அண்ணன் நீள ஸ்லிங் ஒன்றை அவர் தோளிலிருந்து எடுத்து என் தோளில் போட்டார். கீழே இறங்கினோம். வெயில் இன்னும் வெடிப்புக்கு வரவில்லை, வர அரை மணி நேரம் இருந்தது. அதே வழியில் மறுபடி முன்னால் ஏறினேன், இந்தத் தடவை பின்னால் வர அக்காவைக் கேட்டுக்கொண்டேன்.

மூன்றாவது நட்டிடம் அக்கா வந்ததும் கயிறு நின்றது. ரொம்ப நேரம் நகரவில்லை. கீழிருந்து நட்டைக் கழற்றும் கருவியான நட் கீயால் தட்டும் சத்தம் வந்தது, டக் டக் என்று, நின்று, மறுபடியும் டக் டக். நான் கயிற்றை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டே இருந்தேன்.